காந்தக் கோட்டையும் பவளத் துளையும்

கம்மாளரைப் பற்றிய கன்னபரம்பரைக் கதையொன்றை எட்கர் தர்ஸ்டன் துரை 1909-ம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வரைந்துள்ளார். எவ்வரசர்க்கும் அஞ்சாத நம் முன்னோர் காந்தக் கல்லாலாய கோட்டையில் வாழ்ந்தனராம். பகைவர் படைக்கலங்களை அக்கோட்டையே ஈர்த்துக்கொள்ளுமாம். வரகு வைக்கோலிட்டுக் கொளுத்தின் அஃது அழியுமென்னும் மறையைத் தாசியொருத்தி ஓர் இளைஞனிடம் கவர்ந்தாள். கோட்டை வெந்தது, குலமும் மடிந்தது. பின்னர்க் கொழு அடிப்பாரின்றி நாடு தவித்தது. எஞ்சினார் உளரோவென்றறிய, கோணற்றுளைப் பவளமொன்றை அரசன் ஊர்தோறும் அனுப்பினான். செட்டியார் மனையில் ஒளிந்து பிழைத்த கம்மாளப்பெண்ணின் மகன், சர்க்கரையில் தோய்த்த நூலை எறும்புகளைக்கொண்டு அதனுட் கோத்தனன்.

யவனர் கதையில் தைதலன் என்னும் கைவினைஞனும் எறும்பைக்கொண்டே சங்கில் நூல் கோத்தான். அதனாலேயே அவன் மறைவிடம் மைனோஸ் மன்னனுக்கு வெளிப்பட்டது. வடபுலத்துக் கொல்லன் வோலுந்தனையோ அரசன் நரம்பறுத்து முடமாக்கித் தீவிற் சிறையிட்டான். அவன் அரசன் புதல்வரிருவரைக் கொன்று வானிற் பறந்து தப்பினான்.

காந்தக் கோட்டை சரித்திரமென நாம் சாதிக்கவில்லை. எனினும், கொற்கைச் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டானெனச் சிலப்பதிகார உரைபெறு கட்டுரை கூறுவதை மதுரை நாட்டினராகிய நாம் மறத்தற்கில்லை. ஒருவன் பொய்க்கு ஆயிரம் உயிர்!

நம் கதைச் சிறுவன் பழிவாங்கினானல்லன். அவன் பிறப்பைச் செட்டியார் வாயிலாகக் கேட்டறிந்த அரசன், கொழு அடித்தற்கு வேண்டுவனவும் நிலமும் ஈந்து, செட்டிமகளையும் மணமுடித்து வைத்தானாம்.