ரூலெட்டட் மட்பாண்டம்

ரூலெட்டட் மட்பாண்டம் என்பது உட்புற அடியில் நுண்ணிய அச்சு வரிகள் வட்டமாகச் சுற்றிவரும் தட்டு வகை. இந்தியாவின் கிழக்குக் கரையிலும் இலங்கையிலும் தொடக்க வரலாற்றுக் கால மண்ணடுக்குகளுக்குக் காலம் குறிக்க இது உதவுகிறது.

அடையாளம்: சுமார் 30 செ.மீ. விட்டமும் உள்நோக்கி வளைந்த விளிம்பும் உடைய ஆழமற்ற தட்டு. நன்கு அரித்த களிமண்ணால் ஆனது. சாம்பல் அல்லது கறுப்பு நிறமும் வழவழப்பான மேற்பூச்சும் கொண்டது. வரிகளில் முக்கோணம், சாய்சதுரம், புள்ளி, கண் போன்ற வடிவங்கள் அமையும். கோலம் உள்ளடியில் மட்டுமே இருப்பதால், விளிம்புச் சில்லை அதன் வடிவத்தையும் மண்ணின் நயத்தையும் கொண்டே இனங்காண வேண்டும். அதன் வளைவிலிருந்து தட்டின் விட்டத்தைக் கணிப்பர். உள்ளூரில் செய்த போலிகள் சொரசொரப்பானவை. வரிகள் பற்சக்கரத்தை உருட்டி இடப்பட்டவை என்பது ஒரு கருத்து. சுழலும் தட்டின்மேல் அதிரும் தகட்டைப் பிடித்து இடப்பட்டவை என்பது மற்றொன்று.

ஆய்வு வரலாறு: 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தகைய சில்லுகளை இத்தாலிய அரிட்டைன் ஓடுகளோடும் ஆம்போராச் சாடிகளோடும் கண்டார். அரிட்டைன் ஓடுகளின் காலம் தெரிந்திருந்தது. அதை வைத்து இவற்றைக் கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் நிறுத்தினார். வரியிடும் உத்தி மத்தியதரைக்கடல் பகுதிக்குரியது என்பதால், நயமான தட்டுகள் அங்கிருந்தே வந்தவை என்றும் கருதினார். 1947-இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்காலப் பண்பாட்டின் காலத்தைக் கணிக்கவும் இந்த ஓடுகளே அவருக்குத் துணையாயின.

விமலா பெக்லி 1980-களில் இக்கருத்தை மறுத்தார். தட்டின் வடிவம் இந்திய மரபைச் சேர்ந்தது, உத்தி மட்டுமே வெளியிலிருந்து வந்தது, தொடக்கம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது அவர் முடிவு. பின்னர் ஆய்வு கோலத்திலிருந்து களிமண்ணுக்குத் திரும்பியது. 1997-இல் வி. டி. கோக்தே எக்ஸ் கதிர்ச் சோதனை மூலம் வங்காளத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியை மூல இடமாகச் சுட்டினார். 2005-இல் வெளியான வேதியியல் ஆய்வும், பல இடங்களில் கிடைத்த சில்லுகளுக்கு ஒரே நிலவியல் மூலம் உண்டு என்றது.

பரவல்: அழகன்குளம், கீழடி, அனுராதபுரம், எகிப்தின் பெரனிகே, பாலித் தீவின் செம்பிரான் ஆகிய இடங்களில் இவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. முன்பு ரோமானிய இறக்குமதிக்குச் சான்றாகக் கொண்ட இவை, இன்று வங்கக் கடலோர வணிகத்தின் வீச்சைக் காட்டும் சான்றுகளாக எண்ணப்படுகின்றன.