ஈம் என்றொரு ஊரும் எங்க ஆச்சியின் வெள்ளைச் சேலையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. தீசிஸ், பார்ட் டைம் வேலை, ஓயாத மழைன்னு சாக்கு நிறைய சொல்லலாம். வேண்டாம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட உட்காருங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, நான் படிக்கிற ஷெஃபீல்டிலிருந்து பஸ் பிடிச்சு ஒரு கிராமத்துக்குப் போனேன். சுமார் 20 கிலோமீட்டர் தூரம், டார்பிஷர் மலைப்பக்கம். ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி "ஏயாம்"னு டிக்கெட் கேட்டேன். டிரைவர் சிரிக்காம "ஈம்" என்று திருத்தினார். நாலு எழுத்தை எழுதிட்டு இவங்க இப்படிச் சுருக்கிச் சொன்னா நாம என்ன பண்றது? :-)

அழகான ஊர். கல் வீடுகள், வாசலில் பூந்தொட்டி, ஜன்னலில் பூனை. ஆனா சில வீடுகளுக்கு முன்னால ஒரு பச்சைப் பலகை இருக்கு. அந்த வீட்டில் யார் யார், எந்தத் தேதியில் செத்தாங்கன்னு வரிசையா எழுதியிருக்கு. எல்லாம் 1665, 1666. உள்ளே டிவி ஓடுது, வெளியே இந்தப் பட்டியல்.

நான் அங்கே போனதுக்குக் காரணம் எங்க ஆச்சி. அதைக் கடைசியில் சொல்றேன்.

1665ல் லண்டனில் பிளேக் உச்சத்தில் இருந்தது. அந்த வருஷம் ஈம் ஊர்த் தையல்காரர் அலெக்சாண்டர் ஹேட்ஃபீல்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்ததாம். ஈரமா இருந்ததால் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் அதை அடுப்புத் தீ முன்னால் விரிச்சுக் காயப் போட்டார். துணிக்குள்ள தெள்ளுப்பூச்சி இருந்திருக்கும்னு இன்னைக்குச் சொல்றாங்க. செப்டம்பர் 7ஆம் தேதி விக்கர்ஸை அடக்கம் பண்ணினாங்க. அடுத்தது அந்த வீட்டுப் பையன்கள், அப்புறம் பக்கத்து வீடு. வருஷம் முடியறதுக்குள்ள நாற்பதுக்கும் மேல சாவு. பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடிச்சதே 1894ல்தான். இவங்களுக்கு எது கொல்லுதுன்னே தெரியாது. கெட்ட காற்றுன்னு நினைச்சாங்க, கடவுளோட கோபம்னும் நினைச்சாங்க.

குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கி, 1666 கோடையில் திரும்பவும் பிடிச்சுக்கிச்சு. ஊரே மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சது. அப்பதான் ரெண்டு போதகர்கள் சேர்ந்து முன்னால வந்தாங்க.

ஒருத்தர் வில்லியம் மாம்பெசன். 28 வயசு, 1664ல்தான் ஊருக்கு வந்தவர். இன்னொருத்தர் தாமஸ் ஸ்டான்லி, அதே ஊர்ல முன்னால போதகரா இருந்த பியூரிட்டன். 1662ல் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தை முழுசா ஏத்துக்கிட்டவர்தான் போதகரா இருக்கலாம். மனசாட்சி ஒப்பாமல் நாடு முழுக்க வெளியே போனவர்கள் ஏறக்குறைய 2000 பேர். அதில் ஸ்டான்லியும் ஒருத்தர். ஜனங்களுக்கு மனசு இன்னும் ஸ்டான்லி பக்கம். புதுசா வந்த ஐயர் பேச்சை யார் கேட்பா? நம்மூர்ல சேகரத்துக்குப் புது ஐயர் வந்தா முதல் ஆறு மாசம் என்ன பாடு படுவார்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்.

யார் யாரைத் தேடிப் போனாங்களோ, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாங்க. 1666 ஜூனில் ஊரைக் கூட்டி மூணு விஷயம் முடிவாச்சு.

ஒண்ணு: செத்தவங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு வரக்கூடாது. அவங்கவங்க வீட்டு ஆளை அவங்கவங்களே தோட்டத்திலோ வயலிலோ புதைச்சுக்கணும்.

ரெண்டு: கோயிலைப் பூட்டணும். ஆராதனை வெளியே, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில். குடும்பம் குடும்பமா, ஒருத்தரை ஒருத்தர் நெருங்காமல் நின்னு ஜெபம் பண்ணணும்.

மூணு: ஊர் எல்லையைத் தாண்டி யாரும் போகக்கூடாது, வெளி ஆள் உள்ளே வரக்கூடாது.

சாப்பாட்டுக்கு? பக்கத்தில் சாட்ஸ்வர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷர் பிரபு உணவு அனுப்பறதா ஒத்துக்கிட்டார். சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லையில் சாமானை வெச்சுட்டுப் போயிடுவாங்க. ஸ்டோனி மிடில்டன் போற வழியில் ஒரு கல் இன்னும் கிடக்கு, மேலே ஆறு குழி. குழியில் வினிகர் ஊத்தி அதுக்குள்ள காசைப் போட்டு வைப்பாங்களாம். நோய் ஒட்டாதுன்னு நம்பிக்கை.

இப்ப 2020 ஞாபகம் வருதா? வாசல் கேட்டில் பால் பாக்கெட், சானிடைசர், தரையில் வட்டம் போட்ட ரேஷன் கடை.

அந்த ஆகஸ்டில்தான் நிலைமை படுமோசம். ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ரைலி என்ற இடத்தில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்து, தன் கையாலே புதைச்சார். ஒரு வட்டச் சுவருக்குள்ளே அந்தக் கல்லறைக் கற்கள் இருக்கு. மிச்சம் இருந்த ஒரே மகன் ஷெஃபீல்டில். கடைசியில் அந்த அம்மா அங்கே போய்ச் சேர்ந்ததாச் சொல்றாங்க. நான் தினம் நடக்கிற ஊர்தான். இப்ப கடைத்தெருவில் போகும்போது சில நேரம் அந்த அம்மா ஞாபகம் வருது.

மாம்பெசன் தன் ரெண்டு பிள்ளைகளை முன்னாலேயே வெளியூருக்கு அனுப்பிட்டார். மனைவி கேத்தரின் மட்டும் போகாமல் கூடவே இருந்து நோயாளிகளைப் பார்த்தார். ஆகஸ்ட் 25 அன்னைக்கு அவரும் போயிட்டார். அதுக்குச் சில நாளில் மாம்பெசன் ஜார்ஜ் சேவில் என்ற பிரபுவுக்கு எழுதிய கடிதம் இன்னைக்கும் படிக்கக் கிடைக்குது. அடுத்தது தான்தான்னு நினைச்சு எழுதறார். தனக்கு அப்புறம் இந்த ஊருக்குத் தாழ்மையான ஒரு ஆளாப் பார்த்துப் போதகரா வையுங்கன்னு கேட்கிறார். ஆனா அவர் சாகலை. நவம்பர் 1ஆம் தேதியோட சாவு நின்னது. மொத்தம் 260 பேர்னு வழிவழியாச் சொல்ற கணக்கு.

இதுக்கப்புறம் ஒரு சின்ன விஷயம். சில வருஷம் கழிச்சு மாம்பெசன் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊர்க்காரர் வர்றாரேன்னு அந்த ஜனங்க பயந்து, கோயிலுக்குள்ள விடலையாம். கொஞ்ச காலம் ஒரு மரத்தடியில் நின்னு பிரசங்கம் பண்ணியிருக்கார். ஊரையே தள்ளி நிக்கச் சொன்னவரை ஊர் தள்ளி வெச்சிருச்சு.

சரி, இந்தக் கதையை அப்படியே நம்பிடலாமா? 2006ல் பேட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர் இதைக் கிண்டிப் பார்த்திருக்கார். நாம படிக்கிற வீரக்கதையில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதினவங்க சேர்த்துக் கட்டினதுங்கிறது அவர் வாதம். நாம கேட்கிற பல விவரம் வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர் 1842ல் எழுதிய புத்தகம் வழியா வந்தது. நடந்து 176 வருஷம் கழிச்சு! வசதி இருந்த சிலர் முன்கூட்டியே கிளம்பிட்டாங்க. போக்கிடம் இல்லாத ஏழை "நான் தியாகம் பண்றேன்"னு சொல்லித்தான் தங்கினானா, வேற வழி இல்லாமலா? போதகர் தன் பிள்ளைகளை அனுப்பினார், எலிசபெத்தின் பிள்ளைகள் எங்கே போவாங்க? 2016ல் வந்த ஓர் ஆய்வு சாவுப் பதிவேட்டை வெச்சுக் கணக்குப் போட்டு, தொற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி மனுஷனிடமிருந்து மனுஷனுக்கே பரவினதுன்னு சொல்லுது. அப்படின்னா ஒரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிட்டாங்க. வெளியூரைக் காப்பாத்தின வேலி உள்ளூர்க்காரங்க கழுத்தை நெரிச்சிருக்கு.

இதெல்லாம் தெரிஞ்சும் எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு முக்கியமாத்தான் படுது. அதுக்குத்தான் இப்ப கொசுவத்தி சுத்தப் போறேன்.

எங்க ஊர் நாசரேத் பக்கம். எங்க ஆச்சிக்கு ஞாயிற்றுக்கிழமைன்னா வெள்ளைச் சேலை, கைக்குட்டையில் முடிஞ்ச காணிக்கை, முதல் மணி அடிக்கும்போதே வாசப்படி. 2020 மார்ச்சில் கோயில் பூட்டினாங்க. ஏப்ரல் 12 ஈஸ்டருக்கு ஆச்சி வெள்ளைச் சேலை கட்டி என் போனுக்கு முன்னால் உட்கார்ந்தாங்க. யூடியூபில் ஐயர் எழுந்து நிக்கச் சொன்னா எழுந்து நிப்பாங்க. பாட்டு எல்லாம் சரி. திருவிருந்து நேரம் வந்ததும் தலைகுனிஞ்சு உட்கார்ந்திடுவாங்க. போன் வழியா அப்பம் வருமா?

செப்டம்பரில் கோயில் திறந்தாச்சு. ஆனா வயசானவங்க வீட்டிலேயே இருக்கணும்னு அறிவுரை. ஆச்சிக்கு 78, சுகர் வேற.

"எய்யா, ஓரமா உக்காந்துட்டு வந்துருதேன்."

"வேண்டாம் ஆச்சி."

"அப்போ ஐயரை ஒரு எட்டு வீட்டுக்கு வரச் சொல்லுதியா?"

"அவர் பத்து வீட்டுக்குப் போறவர் ஆச்சி. எல்லா நோயும் அவர்கிட்டதான் இருக்கும்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். வீட்ல படிச்சவன் நான், புள்ளிவிவரம் பேசறவன், என் பேச்சுக்கு அப்பாவும் தலையாட்டிட்டார். ஆச்சி அப்புறம் கேட்கலை. 2021 மே மாசம் ஒரு விடியற்காலையில் மாரடைப்பு. கொரோனா இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல திருவிருந்து எடுக்காமலே போயிட்டாங்க. அடக்கத்துக்கு இருபது பேர்கூட இல்லை.

நான் தினம் ஜெபம் பண்ற ஆள் இல்லை. ஆனாலும் "ஐயரை வரச் சொல்லியிருக்கலாமே" என்ற ஒரு கேள்வி நாலு வருஷமா தொண்டையில் முள் மாதிரி நின்னுச்சு.

இங்கே வந்தப்புறம் ஈம் பத்திப் படிக்கும்போது, ஸ்டான்லி வேலையை இழக்கக் காரணமான அந்த 1662 ஜெபப் புத்தகத்தை லைப்ரரியில் எடுத்துப் பார்த்தேன். நோயாளிக்குத் திருவிருந்து கொடுக்கிற பகுதியில் ரெண்டு குறிப்பு இருக்கு. பிளேக் மாதிரி தொற்றுக் காலத்தில் பயத்தால் அக்கம்பக்கத்தார் யாரும் வராட்டி, நோயாளி கேட்டால் போதகர் மட்டும் கூட இருந்து கொடுக்கலாம்னு ஒண்ணு. பிளேக்குக்கும் ஜெபப் புத்தகத்தில் இடம் விட்டு வெச்சிருக்காங்க! இன்னொண்ணுதான் என்னை அப்படியே நிறுத்திச்சு. நோய் கடுமையாலோ, கூட வாங்க ஆள் இல்லாததாலோ, வேற நியாயமான தடையாலோ ஒருத்தர் திருவிருந்து பெற முடியாமல் போனால், அவர் உண்மையா மனந்திரும்பி, விசுவாசத்தோடும் நன்றியோடும் இருந்தாலே போதும், வாயால் வாங்காட்டியும் அவர் பெற்றவர்தான். இதுதான் சாரம். 2020 மார்ச் 24ல் இங்கிலாந்து சபை தன் கோயில்களைத் தனி ஜெபத்துக்குக்கூட மூடினப்போ ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னதும் இந்தப் பழைய குறிப்பைத்தான்.

எங்க பக்கத்துக் கோயில்களை எழுப்பின மிஷனும் இந்த ஆங்கிலிக்கன் சபை வழியில் வந்ததுதான். அப்படின்னா இது ஆச்சியோட சொத்தும்தான். அன்னைக்கு இது எனக்குத் தெரிஞ்சிருந்தா, "வேண்டாம்"னு மட்டும் சொல்லாம, பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசிச்சுக் காட்டியிருப்பேன். தடை போட்டது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணலை. ஈம் ஜனங்களை எல்லைக்குள்ள நிறுத்தினவங்க, பூட்டின கோயிலுக்குப் பதிலா ஒரு பள்ளத்தாக்கைக் காட்டினாங்க. நான் ஆச்சிக்குக் கதவை மட்டும் பூட்டினேன், வேற எதையும் காட்டலை.

சாயங்காலம் அந்த எல்லைக் கல்கிட்ட போனேன். குழிகளில் மழைத்தண்ணி, சுற்றுலா வந்தவங்க போட்டுட்டுப் போன சில்லறை. நானும் ஒரு காசு போட்டேன். ஜெபம்னு சொல்ல முடியாது, ஆனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். அப்புறம் கடைசி பஸ் போயிடும்னு ஓடி வந்துட்டேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். ஆச்சியோட ஜெபப் புத்தகம் பீரோவுக்குள்ளதான் இருக்காம், அட்டை கிழிஞ்சு. நோயாளிகளுக்கான பகுதியைத் தேடி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். ஆச்சி எங்கேயாவது பென்சிலால் கோடு போட்டிருக்காங்களான்னு பார்க்கணும்.

உங்க வீட்டுப் பெரியவங்க அந்த ரெண்டு வருஷத்தை எப்படிக் கடந்தாங்க? கோயிலோ, பள்ளிவாசலோ, கோவிலோ, பூட்டின கதவுக்கு இந்தப் பக்கம் அவங்க என்ன பண்ணினாங்க? நேரம் இருந்தா எழுதுங்க மக்களே.