போக்கர் போட்டிப் பண மேலாண்மை

போக்கர் போட்டிகளின் நுழைவுக்கட்டணத்துக்கெனத் தனியே ஒதுக்கிய தொகை, தொடர் தோல்வியிலும் தீர்ந்துவிடாதபடி அளந்து செலவிடும் முறை. இடர் மேலாண்மையின் ஒரு வகை. பெரிய போட்டிகளில் பெரும்பாலோர் பரிசின்றி வெளியேறுவர். பரிசுத்தொகையின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே செல்லும். எனவே திறமையான ஆட்டக்காரரும் பல மாதங்கள் இழப்பில் இருக்கக்கூடும். குறைந்தது நூறு நுழைவுக்கட்டண அளவுக்கு இருப்பு வேண்டும் என்னும் பரவலான வழக்கம் இதனால் எழுந்தது. ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட பந்தய அளவுச் சூத்திரம் இம்மேலாண்மைக்குக் கோட்பாட்டு அடிப்படை.

2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற கிறிஸ் பெர்குசன், பின்னர் இணையத்தில் கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்தார். மிகச் சிறு கட்டணங்கள் தவிர, பல மேசைப் போட்டி எதற்கும் இருப்பில் 2 சதவீதத்துக்கு மேல் செலுத்துவதில்லை என்பது அவர் வகுத்த விதி. கடன் பணமும் குடும்பச் செலவுப் பணமும் போட்டிக்கென ஒதுக்கிய இருப்பில் சேரா.