மதுச்சாலை மேடைக்குப் பின்னே

பாஸ்டன் நகரத்துப் பொதுப்பூங்காவுக்கு எதிரே, பீக்கன் வீதியில், தெருவிலிருந்து படியிறங்கிச் செல்லும்படியாக 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘புல் அண்டு பிஞ்ச்’ என்னும் மதுச்சாலையின் முகப்பு அமெரிக்க மக்கள் எல்லோருடைய கண்ணுக்கும் பழகிப்போனதற்குக் காரணம், 1982 செப்டம்பர் 30 முதல் 1993 மே 20 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரேயாகும். தெருவும் முகப்பும் பாஸ்டனைச் சேர்ந்தவையானாலும், உள்ளே நிகழ்வனவாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் ஹாலிவுட்டில், பாரமவுண்ட் ஸ்டூடியோவில், எதிரே அமர்ந்திருந்த ரசிகர்களின் முன்னிலையில் படமாக்கப்பட்டவை. அந்த அரங்கின் நடுநாயகமாக விளங்கிய மதுமேடையின் உட்புறத்தில் ஒருவர் நிற்பதும், வெளிப்புறத்தில் இன்னொருவர் தட்டேந்தி நடப்பதும் பார்ப்பவர்க்கு இயல்பாகத் தோன்றினாலும், உள்ளே நிற்கும் உரிமை யாருக்கு என்பதைக் குறித்து அந்நாட்டில் நெடுங்காலம் நடந்த வழக்கின் சரித்திரத்தை அறியாதவர்க்கு, அத்தொடரில் வரும் காதல் நாட்டத்தின் பொருள் முழுவதும் விளங்காது என்பது என் துணிபு.

ஆதியில் இவ்விஷயத்தில் இத்தனை கண்டிப்பு இருக்கவில்லை. இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த மாஸசூசெட்ஸில், கணவனை இழந்த ஸ்திரீ ஊராரின் தர்மத்தை எதிர்நோக்கி நிற்காமல் தானே பிழைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தினால், மதுவிடுதி நடத்தும் உத்தரவை ஊர்ச்சபையார் விதவைகளுக்கு வழங்கியதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சலூன்களோ ஆண்களின் தனியுலகமாயின. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு நீங்கிய பின், வாடிக்கையாளராகப் பெண்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது, மேடைக்குப் பின்னேயும் பெண்களே நின்று தொழிலை நடத்தினார்கள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும், அந்த இடத்தை மீட்டுத் தரவேண்டும் என்ற கிளர்ச்சியில் மது ஊற்றும் தொழிலாளரின் சங்கங்களே முன்னின்றன.

1945இல் மிச்சிகன் மாநிலச் சட்டசபை இயற்றிய சட்டத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில், மதுச்சாலையின் ஆண் உரிமையாளருக்கு மனைவியாகவோ மகளாகவோ இருந்தாலொழிய எந்தப் பெண்ணும் மேடைக்குப் பின்னே நின்று மது வழங்கக் கூடாது என்று அது விதித்தது. டியர்பார்ன் நகரில் சொந்தமாக மதுச்சாலை வைத்திருந்த வாலன்டைன் கோசெர்ட் என்ற மாது, தம் முதலீட்டில் நடந்த கடையில் தாமும் நிற்க முடியாமல், தம் மகள் மார்கரெட்டையும் நிறுத்த முடியாமல், ஆன் டேவிடோ என்னும் பெண் வழக்கறிஞரின் துணையோடு உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 1948 டிசம்பரில், ஆறு நீதிபதிகளின் சார்பில் தீர்ப்பெழுதிய பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் அச்சட்டம் செல்லும் என்றார். கணவனோ தந்தையோ முதலாளியாக இருந்து மேற்பார்வை செய்யும் இடத்தில் ஒழுக்கக் கேட்டுக்கு வழி குறைவு என்று சட்டசபை கருதியிருக்கலாம் என்பது அவர் காட்டிய நியாயம். மதுவைத் தட்டில் ஏந்திக்கொண்டு போய்க் குடிப்பவன் மேஜையில் வைப்பதற்கு அதே சட்டம் எந்தப் பெண்ணையும் தடுக்கவில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஆடவரின் பார்வைக்கும் பேச்சுக்கும் தீண்டலுக்கும் அதிகமாக ஆட்படும் வேலை அவளுக்கு அனுமதிக்கப்பட்டது. மரப்பலகையின் பாதுகாப்பும், கல்லாப்பெட்டியின் அதிகாரமும், கூடுதலான கூலியும் உள்ள ஸ்தானம் மறுக்கப்பட்டது. ஒழுக்கத்தின் பெயரால் செய்யப்பட்ட இந்த அநீதியைப் படிக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

சட்டத்தினும் வலியது சம்பிரதாயம் என்பதற்கு நியூயார்க்கின் ‘மெக்ஸோர்லீஸ்’ மதுச்சாலை ஒரு சாட்சி. பெண்களுக்கு இடமில்லை என்பதையே பெருமையாக எழுதி வைத்திருந்த அந்தப் பழைய கடை, 1939இல் டாரத்தி கிர்வான் என்ற பெண்ணுக்கே தந்தைவழிச் சொத்தாக வந்து சேர்ந்தது. தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் பொருட்டு நிர்வாகத்தைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, வியாபாரம் நடக்கும் வேளையில் தம் சொந்தக் கடையின் வாசற்படியை மிதிக்காமலே இருந்துவந்தார் அவர். 1970இல் நீதிமன்றமும், அதையடுத்து மேயர் ஜான் லிண்ட்சே கையெழுத்திட்ட நகரச் சட்டமும் அக்கதவைத் திறந்தன.

பின்பு மாற்றங்கள் விரைந்து வந்தன. 1971இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், பெண்கள் மது ஊற்றுவதைத் தடுத்த அம்மாநிலச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 1976இல், 3.2 சதவீத வலுவுள்ள பீரை வாங்கும் வயதில் இளைஞருக்கு ஒரு நீதியும் யுவதிகளுக்கு ஒரு நீதியும் வகுத்த ஓக்லஹோமா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கோசெர்ட் தீர்ப்பையும் வழக்கொழிந்ததாக ஒதுக்கியது. ‘சியர்ஸ்’ தொடரில் நார்ம் என்னும் நிரந்தர வாடிக்கையாளராக நடித்த ஜார்ஜ் வெண்ட் அரங்கில் ஓயாமல் பருகியதும், நுரை அடங்காமலிருக்க உப்புத் தூவிய இதே 3.2 சதவீத பீர்தான்.

தொடர் தொடங்கியபோது அதிகாரம் பழைய ஒழுங்கில்தான் இருந்தது. ரெட் சாக்ஸ் அணியில் பந்துவீச்சாளராக இருந்து, குடியினால் கெட்டுப் பின் குடியை விட்ட சாம் மலோன் முதலாளி. தன்னை மணப்பதாகச் சொன்ன பேராசிரியரால் அந்த மதுச்சாலையிலேயே கைவிடப்பட்டு, போக்கிடமின்றி அங்கேயே பணிப்பெண்ணாக அமர்ந்த டயான் சேம்பர்ஸ் அவனிடம் கூலி வாங்குபவள். தொடரைப் படைத்த ஜேம்ஸ் பர்ரோஸும், கிளென், லெஸ் சார்ல்ஸ் சகோதரர்களும், ஸ்பென்சர் டிரேசியும் காதரைன் ஹெபர்னும் நடித்த படங்களின் வாக்குவாதக் காதலை மனத்தில் வைத்து இவ்விருவரையும் உருவாக்கினார்கள். படிப்பினால் அவள் உயர்ந்தவள், பதவியினால் அவன் உயர்ந்தவன் என்ற சமன்பாட்டினால் ஐந்தாண்டுகள் அந்தச் சண்டை சுவை குன்றாமல் நடந்தது.

1987இல் டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகியதும், எழுத்தாளர்கள் புதிய காதலியொருத்தியைக் கொணர்ந்து அதே நாற்காலியில் அமர்த்தியிருக்கலாம். அவர்களோ நாற்காலிகளையே இடம் மாற்றினார்கள். சாம் மதுச்சாலையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்று, அந்தப் பணத்தில் படகு வாங்கி உலகைச் சுற்றப் புறப்பட்டு, படகு மூழ்கிப்போக, வெறுங்கையோடு திரும்பி வந்து, தன் பழைய மேடைக்குப் பின்னே கூலிக்கு நிற்க அனுமதி வேண்டி ரெபெக்கா ஹோவ் என்ற பெண் மானேஜரின் முன் நிற்கிறான். கோசெர்ட்டின் மகளுக்கு எந்த இடம் மறுக்கப்பட்டதோ, அந்த இடத்துக்கு ஓர் ஆடவன் ஒரு பெண்ணிடம் மனுச் செய்யும் இக்காட்சி, தீர்ப்பு வெளியாகி நாற்பதாண்டு நிறைவதற்குள் நகைச்சுவையாகக் காட்டப்பட முடிந்தது என்பதைச் சிறு காரியமாக நான் எண்ணவில்லை.

ஆயினும், அதிகாரம் கைமாறியபோது காதல் வேட்டை தன் திசையை மாற்றிக்கொள்ளவில்லை. முதலாளியாக இருந்தபோது பணிப்பெண்ணைத் துரத்திய அதே சாம், வேலையாளாக வந்த பின் மானேஜரைத் துரத்துகிறான். அவள் வேண்டாமென்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அடுத்த தந்திரத்துக்கு அது முன்னுரையாகிறது. ரெபெக்காவின் மனமோ மேல்நோக்கியே செல்கிறது: முதலில் கம்பெனியின் உயர் அதிகாரியான இவான் டிரேக், பிறகு ஆங்கிலேயச் செல்வந்தரான ராபின் கோல்கார்ட். மேலே உள்ளவர்களின் கடைக்கண் பார்வைக்கு ஏங்கி, கீழே உள்ளவனின் தொல்லையைச் சமாளித்து, இடையில் நின்று தவிக்கும் அவள் நிலை, அன்று அலுவலகங்களில் உயர்பதவிக்குப் புதிதாக வந்த பெண்களில் பலர் அறிந்திருந்த நிலையே. வேலை செய்யும் இடத்தில் விரும்பப்படாத பாலியல் வற்புறுத்தல் சட்டம் தடுக்கும் பாரபட்சமாகும் என்று, ஒரு வங்கி ஊழியப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1986 ஜூன் மாதத்தில்; ரெபெக்கா திரையில் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில். ரசிகர்களின் சிரிப்பொலியில் அத்தீர்ப்பின் சாயல் எனக்குக் கேட்கவில்லை. எழுத்தாளர்களின் திறமையைப் போற்றுகின்ற நான், இவ்விஷயத்தில் அவர்கள் தங்கள் காலத்துக்குப் பின்தங்கியே நின்றார்கள் என்று கருதுகிறேன்.

1990இல், கம்பெனியின் ரகசியங்களைக் கோல்கார்ட் களவாடுவதைக் கண்டறிந்து சாம் அறிவிக்க, நன்றிக்கடனாக மதுச்சாலை பெயரளவான விலைக்கு அவனுக்கே திரும்பிவருகிறது. ரெபெக்கா வேலை இழந்து, அவனிடமே வேலை கேட்கும் நிலைக்கு இறங்குகிறாள். கம்பீரமாக நுழைந்தவள் அழுதும் புலம்பியும் சிரிப்பூட்டுபவளாக மாறியது, கிர்ஸ்டி ஆலியின் நடிப்புக்கு எம்மி விருதைத் தேடித் தந்ததெனினும், அப்பாத்திரத்துக்கு இழைத்த குறை என்றே எனக்குப் படுகிறது. இறுதியில் அவள் ஒரு குழாய் வேலைக்காரனை மணந்துகொள்கிறாள்.

இந்த ஏற்றத்தாழ்வு எதுவும் தீண்டாதவள் ஒருத்தி அங்கே இருந்தாள். ரியா பெர்ல்மன் நடித்து நான்கு முறை எம்மி விருது பெற்ற கார்லா, சாம் முதலாளியாக இருந்தபோதும், கம்பெனி வந்தபோதும், சாம் மீண்டும் வந்தபோதும், வீடு நிறைந்த பிள்ளைகளைக் காப்பாற்ற அதே தட்டை ஏந்தி, வாடிக்கையாளர் மேஜையில் விட்டுச் செல்லும் டிப்ஸை நம்பியே நின்றாள். டயானுக்குப் புத்தகங்கள் இருந்தன, ரெபெக்காவுக்குப் பதவி இருந்தது. கார்லாவுக்குக் கூர்மையான நாவொன்றே துணை. டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை மத்திய அரசின் சட்டம் மணிக்கு 2.13 டாலராக வைத்தது 1991இல், அத்தொடர் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சியாக முதலிடம் பெற்ற அதே ஆண்டில். முப்பதாண்டு கழிந்த பின்னும் அத்தொகை உயர்த்தப்படவில்லை.