பதிப்புரிமையும் அமானிதமும்

பிறர் எழுத்தை எவ்வளவு எடுத்தாளலாம்? தமிழகம் இவ்வினாவை நாடறிய விவாதித்த வரலாற்றில் செட்டிநாட்டுக்கும் பங்குண்டு.

1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமையைக் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன், அதனை முன்னரே வாங்கி வைத்திருந்த வணிகரிடமிருந்து விலைக்குப் பெற்றார். தேவகோட்டை ரஸ்தாவிலிருந்த தம் படப்பிடிப்பு நிலையத்தில் அவர் உருவாக்கிய ‘நாம் இருவர்’ (1947) அப்பாடல்களை எங்கும் ஒலிக்கச் செய்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ (1948) படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெறவே, மெய்யப்பன் வழக்குத் தொடுத்தார். மகாகவியின் பாட்டு தனியொருவர் உடைமையாகலாமா என்ற குரல் வலுத்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பாரதி குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. 1950களின் நடுவில் அப்படைப்புகள் அனைவருக்கும் பொதுவாயின.

எல்லா நூல்களுக்கும் அரசு இவ்வாறு முன்வருவதில்லை. ஆகவே 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எழுதுவோர் அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. எனினும் ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. இத்தனை வரிகள் என்ற கணக்கு அங்கில்லை. எடுத்த அளவு, எடுத்ததன் நோக்கம், மூலநூலின் விற்பனைக்கு அதனால் நேரும் இழப்பு ஆகியவற்றை நீதிமன்றங்கள் நோக்குகின்றன. உமறுப்புலவரின் சீறாப்புராணம் பொதுவுடைமை. அண்மைக்கால அறிஞர் அதற்கு வரைந்த உரை அவ்வாறன்று. அவ்வுரையின் ஒரு விளக்கத்தை மேற்கோள் காட்டி ஆராயலாம். உரை முழுவதையும் அச்சிடலாகாது.

நம் முன்னோர் இதனை அமானிதமாகக் கருதினர். சொல்லைச் சொன்னவரோடு சேர்த்துரைப்பது கல்வியின் பரக்கத்தைச் சார்ந்தது என்பதை இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்ஸீரின் முன்னுரையில் நினைவூட்டுகிறார்கள். நூலாசிரியரையும் திருடரையும் வேறுபடுத்திக் காட்டவே இமாம் சுயூத்தீ (ரஹ்) தனிநூல் ஒன்று இயற்றினார்கள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஆக்க உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்றும் அவற்றில் வரம்பு மீறுதல் கூடாதென்றும் தீர்மானித்தது.

60 ஆண்டுகள் கழிந்தபின் அனுமதி கேட்கும் கடமை நீங்குகிறது. பெயர் சொல்லும் கடமை நீங்குவதில்லை. நம் ஏடுகளில் பெயரின்றி வெளிவரும் பழைய பயான்களும் மொழிபெயர்ப்புகளும் அக்கடமையை நம்மிடம் இன்னும் கேட்டு நிற்கின்றன.