ஈயம் தந்த மண்ணும் போத்தலில் அடைத்த உணவும்



வீட்டில் சமைத்த உணவைப் போத்தலில் அடைத்து விற்க விரும்பும் பெற்றோர் சிலர், எந்தப் பாத்திரம் வாங்கலாம் என்று கேட்பதுண்டு. இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றில் நமது பேராக்கிற்கும் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிய வெள்ளீயத்தில் உலகத் தேவையின் ஏறக்குறையப் பாதியை மலாயா தந்தது. கிந்தா பள்ளத்தாக்கே அதன் நெஞ்சம். அவ்வீயம் இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சாகி, உணவு டின்களாயிற்று. ஈயத்தின் ஆங்கிலப் பெயரே அந்தக் குவளைக்கும் பெயராகிவிட்டது. சாடின் டின்னையும் பால் டின்னையும் அறியாத தோட்ட வீடு ஏது? காலிப் பால் டின்னில் கயிறு கட்டிக் காப்பி வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு.

எனினும் டின் வீட்டுக்குரியதன்று. மூடியை மடித்து இறுக்க இயந்திரம் வேண்டும். வீடுகள் கண்ணாடியையே நாடின. பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துத் தக்கையால் மூடிக் கொதிநீரில் வேகவைக்கும் முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். அரசு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது. பாஸ்டரின் ஆய்வுகள் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்கரான ஜான் மேசன் 1858இல் திருகுமூடிப் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அடைக்கும் பழக்கம் அடுப்படிக்குள் நுழைந்தது.

ஆபத்தும் உடன் நுழைந்தது. 1895இல் பெல்ஜியத்தில் இறந்தவர் வீட்டுக்கு வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் மாண்டனர். அதற்குக் காரணமான பொட்டுலினம் கிருமியை வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர் கண்டறிந்து 1897இல் வெளியிட்டார். அதன் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தும் சாகா. காற்றில்லாத போத்தலுக்குள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். நாற்றமோ நிறமாற்றமோ காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது. எனவேதான் அமெரிக்க வேளாண்மைத் துறை 1917இல், புளிப்பில்லா உணவுக்கு நீராவி அழுத்தப் பாத்திரமே தகும் என்று அறிவித்தது.

இனி, பாத்திரத் தேர்வு. அன்னாசி ஜாம், எலுமிச்சை ஊறுகாய் போன்ற புளிப்புப் பண்டங்களுக்கு (அமிலக் குறியீடு 4.6 அல்லது அதற்கும் குறைவு) போத்தல்கள் முழுதும் மூழ்கும் ஆழமான பானையும் அடியில் ஒரு தட்டும் போதும். கோழிக்கறி, மீன், பயற்றங்காய் ஆகியவற்றுக்கு 116 பாகை செல்சியசு வேண்டும். கடல்மட்டத்தில் அதற்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 பவுண்டு அழுத்தம் தேவை. அழுத்தமானியோ எடைக்கட்டியோ பொருத்திய, குறைந்தது நான்கு பெரிய போத்தல்கள் கொள்ளும் கலமே அதற்குரியது. நம் வீட்டு விசில் குக்கர் ஆகாது. அதுவும் அழுத்தக் கலந்தானே என்பர்; ஆனால் அது விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடும். சோதித்து வகுத்த நேரக்கணக்கு பெரிய கலத்துக்கே உரியது. முள் காட்டும் அழுத்தமானியை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்க வேண்டும். அதற்கு இங்கு வசதியில்லை எனில் எடைக்கட்டி உள்ளதையே வாங்குங்கள்.