கிந்தாக் களையும் கண்ணாடி மனையும்

இங்கிலாந்தில், கோடையில் வெளியே வைத்த வெப்பநாட்டு ஆர்கிட் செடிகளை, இலையுதிர் காலம் நெருங்குங்கால் உள்ளே கொண்டு சேர்ப்பர். இரவுக் குளிரை அவை தாங்கா. பேராக்கு மாநிலத்து ஹுத்தான் மெலிந்தாங்கில் இவ்வழக்கத்துக்கு இடமில்லை. அங்கே ஆண்டு முழுவதும் வெப்பமே. அம்மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சேற்று நிலங்களில் மண்டி வளர்ந்த வாண்டா ஆர்கிட் ஒன்றைக் 'கிந்தாக் களை' என்றே வழங்கினர். பேராக்கில் களையாயிருந்தது, இங்கிலாந்தில் சூடேற்றிய கண்ணாடி மனையில் பேணத்தக்க அரும்பொருளாயிற்று.

அத்தகைய கண்ணாடி மனையிலிருந்தே மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாறும் தொடங்குகிறது எனலாம். 1876 ஜூனில் பிரேசிலிலிருந்து வந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி மனைகளில் விதைக்கப்பெற்றன. முளைத்தவை சுமார் 2,700. இலையுதிர் காலத்துக்கு முன்பே, ஆகஸ்டில், அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது. 1877 இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, போர்னியோக் காடுகளில் ஆர்கிட் திரட்டியவர்.

ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்து ஜெண்டராட்டா தோட்டம் 1906 இல் ரப்பருக்கெனத் தொடங்கப்பெற்றது. இத்தகைய தோட்டங்களில், கடல் கடந்து வந்த தமிழர் காடழித்துக் கன்று நட்டுப் பால் வெட்டினர். மலேரியாவால் மாண்டோர் பலர். குளிரினின்று கன்றைக் காத்த அக்கறை, கன்றை வளர்த்தவர்க்குக் காலந்தாழ்ந்தே கிட்டியது.